வண்டியின் ஞானத்தகப்பன்

பாதிரியார் தீர்த்த வாளியோடு பக்கத்து வண்டிவரை வந்துவிட்டார். ருஃபினோவோ இன்னும் வேனுக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தார். முன்சீட்டைத் தூக்கி நிறுத்தி, அதற்கடியில் இருக்கும் எஞ்சினின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டவர், வெகுநேரமாக வெளியே வரவில்லை. கதவு வழியாகத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்புறமும், மாதாவைப் பார்க்கப் போகிறோமே என்று பளபளக்கத் துடைத்துப் போட்டுக்கொண்ட காலணிகளும்தான்.

"அண்ணே, பாதர் வந்துட்டாரு, எழுந்திரிங்க" என்றாள் பாசிலியா. "மாதாவுக்கு முகத்தைக் காட்டுவீங்கன்னு பார்த்தா, எதைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"இதோ, கடைசி பிளக். ஒரு திருகு."

பாசிலியாவின் கணவர் ஹிலாரியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் ஜெபிக்கவும் முடியாமல் நின்றார். கோபகபானா பேராலயத்தின் முன்னால் அன்று ஏரிக்கரைவரை வண்டிகள் வரிசைகட்டி நின்றன. லாரி, டாக்சி, வேன் எல்லாவற்றுக்கும் கிளாடியோலா பூமாலை, காகிதக் கொடி, தலைக்கு ஒரு தொப்பிகூட. இருபது வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிய ஹிலாரியோவுக்கு இது முதல் சொந்த வேன். வாங்கியது பழைய வண்டிதான், ஆனாலும் ஞானஸ்நானம் புதிதுதானே. பிள்ளைக்கு வைப்பதுபோலவே வண்டிக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். அதற்கு ஹிலாரியோ கேட்டது ருஃபினோவை. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்று அழைத்துக்கொண்டார்கள்.

ஞானத்தகப்பன் வெறுங்கையோடு வரக்கூடாது. சிலர் சக்கரத்துக்கு மூடி தருவார்கள், சிலர் பாட்டுப் பெட்டி தருவார்கள். ருஃபினோ கொடுத்தது நாலு ஸ்பார்க் பிளக். சிவப்பு வெல்வெட் பெட்டியில், கல்யாண மோதிரம் மாதிரி. சாதாரண பிளக்குக்குத் தீப்பொறி விழ ஒரு முனைதான் இருக்கும். இதற்கு நாலு. மேலே தங்க நிறப் பூச்சு வேறு. "இழுவை கூடும், பெட்ரோல் குறையும், எஞ்சின் பாடும்" என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது.

ருஃபினோவும் ஒரு காலத்தில் ஓட்டுநர்தான். முதுகெலும்பு தேய்ந்து இனி வெகுநேரம் வண்டியில் உட்காரவே கூடாது என்று வைத்தியர் சொன்னபிறகு, தன் வண்டியை விற்று எல் ஆல்டோ சந்தையில் உதிரிபாகக் கடை போட்டார். மனைவி இறந்து, பிள்ளைகள் வேறு தேசம் போய்விட்ட மனிதருக்கு அந்தக் கடைதான் வீடு, வாசல், பேச்சுத்துணை எல்லாம். விற்பனைக்காரன் ஒருவன் பேச்சில் மயங்கி, கையிருப்பு மொத்தத்தையும் இந்தத் தங்க பிளக்குகளில் போட்டுவிட்டார். ஹிலாரியோவின் தடத்து ஓட்டுநர்களெல்லாம் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள்: முதலில் ஹிலாரியோவின் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம், நன்றாக ஓடினால் நாங்கள் அத்தனை பேரும் வாங்கிக்கொள்கிறோம். அவர்கள் வாங்கினால் கடை நிற்கும். இல்லாவிட்டால் ருஃபினோ பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தூசி தட்ட வேண்டியதுதான்.

அந்த மலைநாட்டில் மனிதனுக்கே மூச்சு முட்டும், எஞ்சினுக்கு முட்டாதா? மேடு ஏறும்போது வண்டிகள் ஆஸ்துமாக்காரர்கள்போலத் திணறும். அதனால் எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் என்று யார் எதைச் சொன்னாலும் ஓட்டுநர்கள் பாதி நம்பிவிடுவார்கள். மீதியை நம்ப யாராவது ஒருவர் வாங்கிப் போட்டால் போதும்.

"என்ன இது, வயித்தைத் திறந்து வெச்சிருக்கீங்க?" என்றார் பாதிரியார், வேனுக்குள் எட்டிப் பார்த்து.

ருஃபினோ வேர்வை வழியும் முகத்தோடு நிமிர்ந்தார். நாலு பிளக்கும் நாலு ஆழமான குழிகளுக்குள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் மேல் மாட்ட வேண்டிய ரப்பர் தொப்பிகளை அவர் வேண்டுமென்றே மாட்டாமல் ஒதுக்கி வைத்திருந்தார்.

"பாதர், தொப்பியோட கோயிலுக்குள்ள போறது மரியாதை இல்லியே. அதுங்களும் தொப்பி இல்லாம ஆசீர்வாதம் வாங்கட்டும். கொஞ்சம் உள்ளேயும் தெளிங்க."

பாதிரியார் பூங்கொத்தை வாளியில் நனைத்து ஒரு தடவை தெளித்தார்.

"பாதர், மொத்தம் பதினாறு முனை."

"அதுக்கு?"

"ஒரு தெளிப்பு பதினாறுக்குப் பத்துமா?"

பின்னால் இன்னும் எத்தனையோ வண்டிகள் காத்திருந்தன. பாதிரியார் நல்ல மனிதர், ஆனால் காலையிலிருந்து வெயிலில் நின்றவர். பூங்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு வாளியைச் சற்றே சாய்த்தார். "போதுமா, மகனே?" ருஃபினோ கண்ணில் நீர் மல்கத் தலையாட்டினார். பாதிரியார் அடுத்த வண்டிக்குப் போனதும், பூமித்தாய்க்குக் கொடுக்க வேண்டிய பீர் வந்தது. சக்கரத்துக்குக் கொஞ்சம், மண்ணுக்குக் கொஞ்சம். ஞானத்தகப்பன் பங்காக எஞ்சினுக்கும் கொஞ்சம். பிறகு ருஃபினோ குழந்தைக்குக் குல்லா போடுவதுபோல நாலு தொப்பிகளையும் அழுத்தி மாட்டி, மூடியை மூடி, சீட்டை இறக்கினார்.

வண்டி கிளம்பியது. முதல் மேட்டிலேயே இருமத் தொடங்கியது.

சாதாரண இருமல் இல்லை, ஓட்டுநர்கள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது. எஞ்சின் ஒருமுறை இழுக்கும், ஒருமுறை குதிக்கும், ஒருமுறை செத்துப்போனதுபோலச் சும்மா இருக்கும். பூமாலை போட்ட தலையை ஆட்டி ஆட்டி, குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளைபோல வேன் மேட்டில் தள்ளாடியது. முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று அவர்களை முந்திப் போனது. அதன் பிறகு ஒரு டிராக்டர்.

"புது இடம். பிளக்குக்குக் கூச்சமா இருக்கும். எஞ்சினோட பழகணுமில்லே?" என்றார் ருஃபினோ.

"நான் இவரைக் கட்டிக்கிட்டு வந்தப்போகூட இவ்வளவு கூச்சப்படலே அண்ணே" என்றாள் பாசிலியா பின்சீட்டிலிருந்து.

இன்னொரு மேட்டில் ருஃபினோ சொன்னார்: "கோபகபானா பெட்ரோலே சரியில்லே." அதற்கடுத்த மேட்டில்: "காத்துல ஈரம்." அதற்குப் பிறகு மடியில் வெல்வெட் பெட்டியை வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஹிலாரியோ ஓரக்கண்ணால் பார்த்தார். வண்டியைவிட அந்தப் பெட்டி திறந்து மூடும் சத்தம்தான் அவருக்கு அதிகமாகக் கனத்தது.

தீக்கினா ஜலசந்தியில் வண்டிகளை மரத்தெப்பத்தில் ஏற்றித்தான் அக்கரை கொண்டுபோக வேண்டும். பயணிகள் படகில் போய்விடுவார்கள். ருஃபினோவும் படகில் போனார். பாசிலியா, "பச்சைப் பிள்ளையைத் தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று தெப்பத்திலேயே நின்றுகொண்டாள். நடுத் தண்ணீரில் எதிர்த்தெப்பத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஹிலாரியோவின் தடத்து ஓட்டுநர் சங்கத் தலைவர் செனோன், தன் வேனுக்கு வருஷாந்தர ஆசீர்வாதம் வாங்க வந்துகொண்டிருந்தார். ஹிலாரியோ கரையில் வண்டியைத் தள்ளி ஏற்றியதை அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"ஹிலாரியோ! தங்க பிளக் போட்டா வண்டி பறக்கும்னாங்க, நீ நீந்துறியே!"

"தெப்பத்துல எல்லா வண்டியும் நீந்தத்தான் செய்யும், தலைவரே!"

"வியாழக்கிழமை நிறுத்தத்துல வந்து சொல்லு. மாதா மேல ஆணையா சொல்லணும். அதுக்கப்புறம்தான் நாங்க பையில கை விடுவோம்!"

அக்கரையில் தெப்பக்காரர்கள் வேனைத் தள்ளிக் கரையேற்றினார்கள். ருஃபினோ அங்கே காத்திருந்தார். நின்றுபோன வண்டியை ஒரு தரம் பார்த்தார். "வறுத்த மீன் வாங்கிட்டு வரேன். பசியோட எந்த வண்டியும் ஓடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஹிலாரியோ சீட்டைத் தூக்கினார். முதல் தொப்பியைப் பிடுங்கியதும் அது களுக்கென்று சத்தமிட்டது. குழி நிறையத் தண்ணீர். குனிந்து முகர்ந்தார், பீர் வாசனை. மற்ற மூன்றும் அப்படியே. தீப்பொறி எங்கே போகும்? தண்ணீரோடு போயிருக்கிறது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குற்றம் பிளக்கின்மேல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் மாதாவின் தண்ணீர்தான் வண்டியைக் கெடுத்தது என்றாகும். அவர் நாக்கு அதற்கு எழாது. தண்ணீரின்மேல் குற்றமில்லை, ஊற்றச் சொன்னவர்மேல்தான் என்றால், பாவம் ருஃபினோ பாசத்தால் செய்ததல்லவா அது? பேசாமல் இருந்தாலோ பழி பிளக்கின்மேல் விழும், கடை போகும்.

"மாதாவை ஏன் இழுக்கறீங்க?" என்றாள் பாசிலியா, அவர் முணுமுணுத்ததைக் கேட்டு. "தெளிச்சா ஆசீர்வாதம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதைக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க. துடைங்க முதல்ல."

துணி உள்ளே எட்டவில்லை. பாசிலியா தான் குடித்துக்கொண்டிருந்த பழரசப் பையிலிருந்து உறிஞ்சுகுழலை உருவிக் கொடுத்தாள். ஹிலாரியோ அதைக் குழிக்குள் விட்டு உறிஞ்சினார். வாய் நிறைந்தது. துப்புவதற்காகத் திரும்பியவர் அப்படியே நின்றார். ஆசீர்வதித்த தண்ணீர். தரையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், கன்னங்கள் உப்பியபடி மனைவியைப் பார்த்தார்.

"என்ன, முழுங்கப் போறீங்களா?"

கண்ணை இறுக மூடி விழுங்கினார்.

"அதுல எஞ்சின் ஆயில் கலந்திருக்குங்க!"

"தீர்த்தமும் இருக்கு" என்றார் ஹிலாரியோ, இருமிக்கொண்டே. இன்னும் மூன்று குழிகள் இருந்தன. பாசிலியா முதலில் சிலுவை போட்டாள், பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்க மாட்டாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மிச்ச ஈரத்தைத் தன் சால்வை நுனியைத் திரித்து விட்டு அவளே ஒற்றி எடுத்தாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, குதிப்பு இல்லை. அப்போதுதான் ருஃபினோ மீன் பொட்டலத்தோடு வந்தார். ஓடும் எஞ்சினின் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டார். ஹிலாரியோவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பழகிடுச்சு போல" என்றார்.

"பழகிடுச்சு சம்பந்தி" என்றார் ஹிலாரியோ.

வழி நெடுக வண்டி நன்றாக ஓடியது. நன்றாக என்றால், முன்பு எப்படி ஓடியதோ அப்படி. எந்த மேட்டில் இரண்டாம் கியருக்கு இறங்குமோ அங்கே இறங்கியது, எங்கே பெருமூச்சு விடுமோ அங்கே விட்டது. ஒரு முனைக்கும் நாலு முனைக்கும் மயிரிழை வித்தியாசம்கூட ஹிலாரியோவின் காலுக்குத் தெரியவில்லை. இழுக்கிறதா என்று ருஃபினோ கேட்டுவிடுவாரோ என்று அவர் பயந்துகொண்டே ஓட்டினார். ருஃபினோ கேட்கவே இல்லை. மீனின் முள்ளை எடுத்து எடுத்து, ஓட்டுகிறவர் வாயில் சதையை மட்டும் ஊட்டிக்கொண்டு வந்தார்.

தினமும் விடியற்காலை சாவியைத் திருப்புவதற்கு முன் ஹிலாரியோ ஒரு சின்ன ஜெபம் சொல்வதுண்டு: என் வாயில் இன்று பொய் வராமல் இருக்கட்டும், என்னால் யார் மனமும் நோகாமல் இருக்கட்டும். இத்தனை வருஷமும் இரண்டும் ஒரே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தன. வியாழக்கிழமை காலையில் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்ததும், ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் பிரிவது அவருக்குத் தெரிந்தது. இரவெல்லாம் வேறு சரியாகத் தூங்கவில்லை. பாதிக்குக் காரணம் மனசாட்சி, மீதி எஞ்சின் ஆயில்.

லா பாஸில் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் நிறுத்தம். அங்கிருந்து மேடேறி எல் ஆல்டோவின் விளிம்பில் இருக்கும் சேஹா சந்திப்புக்குப் போக வேண்டும். பாசிலியா கதவில் தொற்றிக்கொண்டு, "சேஹா! சேஹா! மேலே சேஹாவுக்கு!" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ருஃபினோ ஒரு மேசை போட்டு வெல்வெட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஓட்டுநர்கள் சூழ்ந்து நின்றார்கள். செனோன் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லுப்பா ஹிலாரியோ. ஞாயித்துக்கிழமை வண்டியைத் தள்ளினதை என் கண்ணால பார்த்தேன். பிளக்குல கோளாறுதானே?"

"இல்லே தலைவரே. பிளக் மேல பழி இல்லே. குழிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. நாங்கதான் ஊத்தினோம்."

"எந்தத் தண்ணி?"

ஹிலாரியோ தொப்பியைக் கழற்றினார். "தீர்த்தம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி, சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். "தெளிக்கச் சொன்னா குளிப்பாட்டினாங்க!" என்று பாசிலியா கதவிலிருந்து கத்தினாள். "அதை உறிஞ்சிக் குடிச்சது இவரு. வண்டி பொழைச்சுக்கிச்சு, இவருக்குத்தான் நாலு நாளா வயித்துல மிஸ்ஸிங்!"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். செனோன்கூட. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை.

"சரி, காஞ்சு போச்சு. இப்போ சொல்லு. முன்னைவிட இழுக்குதா?"

ஹிலாரியோ ருஃபினோவைப் பார்த்தார். ருஃபினோ பெட்டிகளின் விளிம்புகளை ஒரே நேராக ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அவை நேராகத்தான் இருந்தன.

"முன்னே இழுத்த மாதிரியே இழுக்குது" என்றார் ஹிலாரியோ. சொன்ன பிறகு தன் காலணியைப் பார்த்தபடி நின்றார்.

ஓட்டுநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு செனோன் கண்ணைச் சுருக்கினார்.

"அப்படியா விஷயம்!"

"என்ன தலைவரே?"

"நாலு முனை, தங்கப் பூச்சு, மாதா ஆசீர்வாதம் வேற. தண்ணிக்குள்ள முக்கினாலும் சாகலே. ஆனா இழுக்கலையாம்! யார்கிட்டே கதை விடறே? நீ மட்டும் முன்னால போய் ஆளெல்லாம் அள்ளிக்கிட்டுப் போகணும், நாங்க பின்னால வந்து புகை குடிக்கணும். அதானே?"

"ஐயோ, சத்தியமா இல்லே!"

"சத்தியம் பண்றான் பாரு, அப்போ நிச்சயம் இழுக்குது" என்றார் பின்னால் ஒருவர். "அமுக்கமான ஆளு" என்றார் இன்னொருவர். ஹிலாரியோ மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை பலப்பட்டது. கைகள் பைக்குள் போயின. எனக்கு ஒரு பெட்டி, எனக்கு இரண்டு என்று மேசையை நெருக்கினார்கள். உண்மையைச் சொல்லி அதற்காகத் திட்டு வாங்குவது ஹிலாரியோவுக்கு இதுவே முதல்முறை.

ருஃபினோ இரண்டு கைகளையும் விரித்துப் பெட்டிகளின்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

"நில்லுங்கப்பா."

"என்னய்யா, விலையை ஏத்தப் போறியா?"

"அவன் சொன்னது நெசம். தீக்கினாவுல மீன் வாங்கப் போனேனே, அது பக்கத்துக் கடைதான். ஆனா ஊர் பூரா சுத்திட்டு வந்தேன். தண்ணி இறங்கியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். என் முன்னால துடைச்சா எனக்கு அசிங்கமா இருக்கும்னு அவன் நினைப்பான், அவன் துடைச்சு முடிக்கட்டும்னுதான் சுத்தினேன். திரும்பி வந்தப்போ இவன் உதடெல்லாம் கருப்பு. ஒரு வார்த்தை சொன்னானா? 'பழகிடுச்சு சம்பந்தி'ன்னான்." பெட்டிகளை இன்னும் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கும் இதை வித்துடணும்னு ஆசைதான். ஆனா இப்பேர்ப்பட்டவனைப் பொய்யனாக்கிட்டு நான் விக்க மாட்டேன்."

ஹிலாரியோ தன் உதட்டை அனிச்சையாகப் புறங்கையால் துடைத்தார்.

"அப்போ இழுக்கவே இழுக்காதா?" என்றார் செனோன். கடைசி மிட்டாயும் தீர்ந்துபோன பிள்ளையின் முகம் அவருக்கு.

"எனக்கே தெரியலே செனோன். இழுக்கணும்னு நான் தினம் ஜெபம் பண்றேன்." ருஃபினோ ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். "உன் வேனும் இவன் வேனும் ஒரே ஜாதி, ஒரே வயசு. கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாலதான் உனக்கு நான் சாதா பிளக் புதுசு போட்டேன். ரெண்டு பேரும் ஆள் ஏத்திக்கிட்டு ஒண்ணா மேடு ஏறுங்க. காசை அதுவரைக்கும் பையிலயே வெச்சிருங்க. மேலே போய்ப் பேசிக்கலாம்."

இரண்டு வேன்களும் நிறைந்தன. நடப்பது என்ன என்று பயணிகளுக்குச் சொன்னதும் யாரும் இறங்கவில்லை, பிந்தி வந்தவர்கள்கூட இடுக்கி ஏறினார்கள். ருஃபினோ ஹிலாரியோவின் பக்கத்தில், எஞ்சினுக்கு நேர் மேலே உட்கார்ந்தார். உட்காரும்போது முதுகு வலியில் முகம் சுளித்தது. "நீங்க உட்காரக்கூடாதுன்னு வைத்தியர் சொன்னாரே, சம்பந்தி" என்றார் ஹிலாரியோ.

"என் ஞானப்பிள்ளை ஓடறதை நின்னுக்கிட்டா பார்ப்பாங்க? மிதி."

ஹிலாரியோ மிதித்தார். கள்ள மனம் இல்லாமல், காலில் இருந்த அத்தனை பலத்தோடும் மிதித்தார். மெயின் ரோட்டில் ஏறியதும் மேடு ஆரம்பித்தது. செனோனின் வேன் இடப்பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டு எஞ்சினும் முனகின. முதல் வளைவில் செனோன் ஒரு கை முன்னால் இருந்தார், அடுத்த வளைவில் ஹிலாரியோ ஒரு கை முன்னால். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. கண்ணாடிக்குக் கண்ணாடி, கதவுக்குக் கதவு நேராக, நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் இரண்டும் ஏறின. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. செனோன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தள்ளினார், தள்ளினால் போகும் என்பதுபோல. ருஃபினோ மடியில் இருந்த பெட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செனோனின் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி, "ஏ சாந்துசா! நீயா?" என்றாள். ஹிலாரியோவின் வேனில் இருந்த பெண் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். "உன்னைப் பார்த்து எத்தனை நாளாச்சு! உன் மக பெத்துட்டாளா?" "பெத்துட்டா, பெண்ணு!" என்றாள் சாந்துசா. செனோன் வேனில் இருந்தவள் கூடையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, ஓடுகிற வண்டியிலிருந்து ஓடுகிற வண்டிக்குக் கையை நீட்டினாள். சாந்துசாவின் கை எட்டி வாங்கியது. கதவில் தொங்கிய பாசிலியாவும் ஒரு சுளை வாங்கிக்கொண்டாள். அடுத்த சுளையை அவள் ஜன்னல் வழியாக ருஃபினோவிடம் நீட்டினாள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே அவர் அதை வாங்கி, வாய்வரை கொண்டுபோய், தின்ன மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சுளையின் சாறு அவர் விரல்களில் வழிந்தது. மேடு இன்னும் பாதி இருந்தது.